நுனி அறுந்த டேப்

எங்கள் பள்ளிக்கூடத்து டேப்புக்கு முதல் பத்து சென்டிமீட்டர் கிடையாது. முப்பது மீட்டர் ஃபைபர் டேப். நான் வேலைக்கு வந்தபோதே அப்படி இருந்ததா, என் காலத்தில்தான் எவனாவது ஒரு பையன் கொக்கியோடு சேர்த்துப் பிய்த்தானா, ஞாபகமில்லை. பத்து என்ற கோட்டை மண்ணில் பதிந்த குதிகால் தடத்தில் வைத்துப் பிடிக்க வேண்டும். பலகைப் பக்கம் இருப்பவன், வருகிற எண்ணில் பத்தைக் கழித்துச் சொல்ல வேண்டும். புது டேப் கேட்டிருக்கலாம். வருஷத்துக்கு ஒரு சாமான்தான் கேட்க முடியும், நான் வாலிபால் வலை கேட்பேன். டேப் ஓடுகிறவரை ஓடட்டும் என்று விட்டது என் சோம்பேறித்தனம். அதற்கான விலையை நான் கொடுக்கவில்லை.

கல்லல் வட்டாரத்தில் முப்பது வருஷம் உடற்கல்வி ஆசிரியராக இருந்து 2019இல் ஓய்வு பெற்றேன். ஊருக்கு நான் பி.டி. வாத்தியார். பிரேயரில் வரிசை பிடிப்பது, சுதந்திர தினத்துக்கு அணிவகுப்புப் பழக்குவது, முடி வெட்டாமல் வருகிறவனைத் திருப்பி அனுப்புவது எல்லாம் நாங்கள்தான். கணக்கு வாத்தியாருக்குப் பாடம் முடியாவிட்டால் எங்கள் பீரியடைக் கடன் கேட்பார், திருப்பித் தந்ததில்லை. மிச்சமிருந்த நேரத்தில் விளையாட்டு. அதிலும் நான் தாண்டுகிறவர்களைத்தான் பிடித்துக்கொண்டேன். 1980களில் காரைக்குடி அழகப்பா உடற்கல்விக் கல்லூரியில் படித்த நாளிலிருந்து நீளம் தாண்டுதல்மேல் ஒரு கிறுக்கு. தவிர, அதற்குப் பணம் வேண்டாம். ஒரு குழி, அதில் ஆற்று மணல், ஒரு பலகை.

மணல் விலை ஏறிய பிறகு அந்தக் குழிக்கும் பணம் வேண்டியதாயிற்று. சில பள்ளிகளில் எம்-சாண்டைக் கொட்டிவிட்டுப் பிள்ளைகளைத் தாண்டச் சொல்வதைப் பார்த்திருக்கிறேன். உடைத்த கல் அது. விழுந்தால் தொடை சிராய்த்துக்கொண்டு போகும். நாங்கள் பழைய மணலையே சலித்துச் சலித்து ஓட்டினோம். காலையில் முதல் வேலை, ராத்திரி படுத்த நாய்களையும் ஆடுகளையும் விரட்டிவிட்டு, புழுக்கையைப் பொறுக்கி, தண்ணீர் தெளித்து மண்வெட்டியால் கொத்திவிடுவது. ஓடுகளம் செம்மண், மேலே சரளை. வெறுங்கால்.

அந்தப் பிள்ளை 2013இல் எட்டாம் வகுப்பு. பேரை எழுதப்போவதில்லை. அப்பா கொத்தனார், வெளியூரில் வேலை. அம்மா நூறு நாள் வேலைக்குப் போகும். வளர்த்தது அப்பத்தா. ஒல்லியான பிள்ளை, 148 சென்டிமீட்டர், முப்பத்தெட்டுக் கிலோ. ஓடிவந்து பலகையை மிதிக்கும்போது சத்தமே வராது. நல்லாத் தாண்டுகிற பிள்ளைகளின் மிதியில் ஒரு 'பட்' கேட்கும் என்பது எங்கள் தொழிலில் சொல்வது. இவளுக்கு அதுகூடக் கிடையாது. கோழி இறகு எழும்புகிற மாதிரி எழும்பி, நாம் எதிர்பார்க்கிற இடத்தைத் தாண்டிப் போய் விழும்.

அந்த ஆகஸ்டில் ஒரு சாயங்காலம். பதினைந்து எட்டு ஓட்டம், 26 மீட்டர் 40 தூரத்திலிருந்து. நான் பலகையருகே குனிந்து ஃபவுல் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் டேப்பை வாசித்தான். "அஞ்சு முப்பத்தொண்ணு சார்!"

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. நோட்டில் எழுதினேன்: 5.31. ஸ்டாஃப் ரூமில் சொன்னேன், டீக்கடையில் சொன்னேன், பக்கத்துப் பள்ளி பி.டி. வாத்தியாருக்குப் போன் போட்டுச் சொன்னேன். மறுநாள் அவள் ஓட்டத்தைத் தொடங்கிய இடத்தில் ஒரு செங்கல்லைத் தரையோடு தரையாகப் புதைத்தேன். ராசியான இடம், மாறக் கூடாது என்று.

இரண்டு மாசம் கழித்துச் சிவகங்கையில் வருவாய் மாவட்டப் போட்டி. 5.18 தாண்டி முதலிடம். கோப்பையோடு பஸ் ஏறும்போது எனக்கு ஓடிய நினைப்பு, மீதிப் பதிமூன்று சென்டிமீட்டர் எங்கே போச்சு என்பதுதான். "அன்னைக்கு மாதிரி தாண்டலையே ஆத்தா" என்று அவளிடமே சொன்னேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெட்கம் என்று நினைத்தேன்.

அடுத்த வருஷம் விழுந்தது. ஒன்பதாம் வகுப்புத் தொடங்கியபோது 4.95, ஆடிக்கு 4.80. அதன்பின் எண்ணே இல்லை, எல்லாம் ஃபவுல். பலகையின் அகலம் இருபது சென்டிமீட்டர். அதன் முன்விளிம்பைத் தாண்டிக் கால் போனால் கதை முடிந்தது. ஆறு வாய்ப்பில் ஐந்து ஃபவுல் போடுவாள். ஆறாவதில் பயந்து பலகைக்கு முன்னால் குட்டிக் குட்டி எட்டாக வைத்து, வேகத்தையெல்லாம் கொன்றுவிட்டு எழும்புவாள். கோட்ட அளவிலேயே நாலாமிடம். விளையாட்டு விடுதித் தேர்வுக்கு அழைத்துப்போனேன், எடுக்கவில்லை.

நான் என்ன செய்தேன்? ஏசினேன். கவனமில்லை என்றேன். திமிர் என்றேன். சாப்பாட்டைக் குறை, உடம்பு போட்டுவிட்டது என்று ஒருநாள் எல்லார் முன்னாலும் சொன்னேன். இதை எழுத எனக்கு இப்போது கூச்சமாக இருக்கிறது, ஆனால் சொன்னது சொன்னதுதான். தலைமையாசிரியர் அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து விஸ்வநாதன் ஆனந்த் கதையைச் சொன்னார். 2013 நவம்பரில் சென்னையில், சொந்த ஊரிலேயே, கார்ல்சனிடம் உலகப் பட்டத்தை இழந்தவர். அவ்வளவுதான் என்று எல்லாரும் எழுதியாச்சு. 2014 மார்ச்சில் ரஷ்யாவின் காந்தி மான்சிஸ்க்கில் கேண்டிடேட்ஸ் போட்டியை ஜெயித்து மறுபடி கார்ல்சனுக்கு எதிரே போய் உட்காரத் தகுதி பெற்றார். நல்ல கதைதான். ஆனால் ஆனந்துக்கு அந்த நாலு மாசத்தில் தொடை எலும்பு வளரவில்லை. அது எனக்கே அப்போது தோன்றவில்லை.

தோன்றவைத்தது அப்பத்தா. ஒருநாள் நேரே மைதானத்துக்கு வந்துவிட்டது, கையில் தூக்குச்சட்டியோடு. "பிள்ளைய ஏசாதீக சார். ராத்திரியெல்லாம் கால் கடுக்குதுன்னு அழுவுது. பாவாடைய மூணு மடிப்பு அவுத்துவிட்டாச்சு, இன்னும் கணுக்காலுக்கு மேல நிக்குது. ரெண்டு பல்லு கன்ன யாராச்சும் வண்டியில பூட்டுவாகளா?"

சிராவயல் மஞ்சுவிரட்டு நடக்கிற சீமை இது. காளையின் பல்லைப் பிடித்துப் பார்த்து வயசு சொல்லத் தெரியாத வீடு குறைவு. நான் பிள்ளையின் வளர்த்தியைப் பார்க்காமல் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சுவரில் நிறுத்தி அளந்தேன். 159. பதினோரு சென்டிமீட்டர் கூடியிருந்தது. எடை ஐம்பத்தொன்று. அன்று ராத்திரி பேனாவும் பேப்பருமாக உட்கார்ந்து போட்ட கணக்கு இது. கால் நீண்டால் எட்டும் நீளும். ஒரு எட்டுக்கு ஐந்து சென்டிமீட்டர் என்று வைத்தால்கூடப் பதினைந்து எட்டுக்கு முக்கால் மீட்டர். நான் புதைத்த செங்கல் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அவள் அங்கிருந்து ஒழுங்காக ஓடிவந்தால் பலகையை முக்கால் மீட்டர் தாண்டித்தான் கால் விழும். அதாவது, அந்தப் பிள்ளை சரியாக ஓடினால் ஃபவுல், தப்பாக ஓடினால்தான் கணக்கில் சேரும்.

இன்னொன்றும் இருந்தது. வயசுக்கு வந்து எட்டு மாசம். ஆம்பிளை வாத்தியாரிடம் யார் சொல்வார்கள்? அறிவியல் டீச்சர்தான் விஷயத்தைக் கேட்டு, ஆரம்பச் சுகாதார நிலையத்துக்கு அழைத்துப்போனார். ஹீமோகுளோபின் 8.6. பன்னிரண்டாவது இருக்க வேண்டும். ரத்தம் இல்லாத உடம்போடு ஒரு வருஷமாக ஓடியிருக்கிறாள், நானோ சாப்பாட்டைக் குறைக்கச் சொல்லியிருக்கிறேன். இரும்புச்சத்து மாத்திரை, முருங்கைக்கீரை, கேழ்வரகுக் கூழ் என்று நாலு மாசம் ஓடியது. மாத்திரையை டீயோடு முழுங்கினால் சத்து உடம்பில் ஒட்டாது என்று நர்ஸ் சொன்னதை இன்றைக்கும் எந்தப் பிள்ளையிடமும் சொல்லாமல் விடுவதில்லை. எங்கள் ஊரில் டீ குடிக்காத பிள்ளை எங்கே இருக்கிறது?

இதெல்லாம் கல்லல் மைதானத்துக்கு மட்டும் உரியதில்லை என்று தெரிந்தது ஓய்வுக்குப் பிறகு. 2022 பிப்ரவரியில் பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக். பனியில் சறுக்கி ஆடும் ஃபிகர் ஸ்கேட்டிங்கை மகன் வாங்கிக் கொடுத்த போனில் பார்த்தேன். நான் ஐஸைப் பார்த்தது ஐஸ்வண்டியில்தான். ஆனாலும் ஒரு தாண்டல் வாத்தியாருக்கு அது புரியாத விளையாட்டில்லை. ஓடிவந்து ஒற்றைக் காலில் எழும்புகிறார்கள், ஆகாயத்தில் மூன்று சுற்று, நாலு சுற்று, இறங்குவதும் ஒற்றைக் காலில். ரஷ்யாவின் கமிலா வலியேவாவுக்குப் பதினைந்து வயசு. ஊக்கமருந்துச் சர்ச்சை தலைக்குமேல் தொங்க, கடைசி ஆட்டத்தில் விழுந்து விழுந்து எழுந்து நாலாவது இடத்துக்குப் போனாள். ஆட்டம் முடிந்து அந்தப் பிள்ளை அழுததை என்னால் முழுசாகப் பார்க்க முடியவில்லை, போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

அதன்பின் தேடித்தேடிப் பார்த்தேன். நாலு சுற்றுச் சுற்றுகிற பெண்களில் பெரும்பாலோர் சின்னப் பிள்ளைகள். காரணம் பம்பரத்தில் இருக்கிறது. இடுப்பு ஒல்லியாக இருக்கிறவரை பம்பரம் விர்ரென்று சுற்றும். அகலமும் எடையும் அச்சைவிட்டு வெளியே தள்ளினால் அதே கயிறு, அதே கை, ஆனால் சுற்று குறையும். பெண் பிள்ளைக்கு இடுப்பு அகலும் வயசில் சுற்று குறைவது அவள் குற்றமில்லை. அங்கேயும் என்னைப்போல வாத்தியார்கள் இருந்திருப்பார்கள், சாப்பாட்டைக் குறைக்கச் சொல்லி. 2014 சோச்சி ஒலிம்பிக்கில் அணிப் பிரிவில் தங்கம் வாங்கிய யூலியா லிப்னிட்ஸ்கயாவுக்கு அப்போது பதினைந்து வயசு. பத்தொன்பது வயசில், சாப்பாடே பகையாகிப்போன அனோரெக்ஸியா என்ற நோய்க்குச் சிகிச்சை எடுத்துக்கொண்டு ஆட்டத்தையே விட்டுவிட்டாள். 2022 ஜூனில் உலக ஸ்கேட்டிங் சங்கம் பெரியவர்கள் பிரிவுக்கான குறைந்தபட்ச வயதைப் பதினைந்திலிருந்து படிப்படியாகப் பதினேழாக்கியது. ரெண்டு பல்லு கன்றை வண்டியில் பூட்டக் கூடாது என்பதைத்தான் அவர்களும் கடைசியில் தீர்மானமாக எழுதினார்கள்.

ஆனால் எனக்குப் பிடித்துப்போனது இன்னொரு பெண். எலிசவேத்தா துக்தமிஷேவா. பதினாலு வயசில் பெரியவர்கள் போட்டியில் ஜெயித்தவள். அப்புறம் வளர்ந்தாள், விழுந்தாள். சோச்சி அணியில் இடமில்லை. முடிந்தது கதை என்றார்கள். 2015இல் உலக சாம்பியன், அதுவும் மூன்றரைச் சுற்று ட்ரிபிள் ஆக்ஸல் போட்டு. மறுபடி விழுந்தாள். பல வருஷம் உலகப் போட்டிப் பக்கமே வர முடியவில்லை. 2021இல் ஸ்டாக்ஹோமில், இருபத்து நாலு வயசில், உலக வெள்ளி. மேடையில் அவளுக்குப் பக்கத்தில் நின்ற இரண்டு பேரும் பதினாறு வயசுப் பிள்ளைகள். மூன்று ஒலிம்பிக் வந்து போயின, ஒன்றில்கூட அவள் ஆடவில்லை. அதற்காக அவள் தோற்றவள் என்று யாரும் சொல்வதில்லை. அவளுடைய வாத்தியார் அலெக்ஸி மிஷின் அத்தனை வருஷமும் அவளை விடவில்லை. அந்தக் கிழவரை நினைத்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. நான் ஒரு வருஷம்கூடப் பொறுக்கவில்லையே.

நம் ஆட்களிலும் பார்க்கிறோம். தூத்துக்குடிச் சீமையிலிருந்து வந்த ஜெஸ்வின் ஆல்ட்ரின் 2023 மார்ச்சில் 8.42 தாண்டினார், தேசியச் சாதனை. அடுத்த வருஷம் பாரிஸ் ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் இரண்டு ஃபவுல், ஒரு 7.61. டி.வி. முன்னால் உட்கார்ந்து என்னவெல்லாமோ பேசினார்கள். எனக்கு அந்த இரண்டு ஃபவுலும் பரிச்சயமான ஃபவுல்களாகத் தெரிந்தன. எட்டு தவறினால் மனசு தவறும், மனசு தவறினால் எட்டு இன்னும் தவறும். மும்முறைத் தாண்டும் பிரவீன் சித்திரவேல் 2023 மே மாதம் ஹவானாவில் 17.37 தாண்டிவிட்டு, பாரிஸில் 16.25க்கு இறங்கினார். 2025 ஏப்ரலில் கொச்சியில் மறுபடி அதே 17.37, ஒரு சென்டிமீட்டர் கூடவுமில்லை குறையவுமில்லை. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை, சந்தோஷத்தில்.

இவர்களெல்லாம் பெரிய தாண்டல்காரர்கள். 4.80க்கு இறங்கிய ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு என்ன எதிர்காலம்? அவள் அப்பா ஊருக்கு வந்திருந்தபோது கேட்டது இதைத்தான். "இனிமே இதுல பிழைப்பு இருக்கா சார், இல்ல படிக்கச் சொல்லட்டுமா?" நியாயமான கேள்வி. விவரம் தெரியாமல் பிள்ளைகளை ஆசைகாட்டுகிற வாத்தியார்கள் உண்டு, அதனால் எண்ணி எண்ணிச் சொன்னேன். மத்திய அரசு வேலைக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் போகவேண்டுமென்றால் சர்வதேசப் போட்டி, தேசியப் போட்டி, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டி, தேசியப் பள்ளி விளையாட்டுப் போட்டி, இந்த அளவில் சான்றிதழ் வேண்டும். மாவட்டத்தில் முதல் என்ற சான்றிதழை வீட்டுச் சுவரில் மாட்டலாம். அவள் தேசிய அளவுக்குப் போவாளா? தெரியாது, போகாமலும் இருக்கலாம். படிக்கட்டும், சாயங்காலம் தாண்டவும் தாண்டட்டும் என்றேன். அவர் தலையாட்டினார். ஏமாற்றமா நிம்மதியா என்று எனக்குப் புரியவில்லை.

செங்கல்லைத் தோண்டி எடுத்தேன். அடையாளத்தைப் பின்னால் தள்ளினேன், ஒரேயடியாக இல்லை, வாரத்துக்கு ஒரு ஜாண். ஒரு வருஷம் ஈட்டி எறியவும் விட்டுப் பார்த்தேன், உயரமான பிள்ளை, நீளக் கை. பிடிக்கவில்லை அவளுக்கு. "ஈட்டி போயிருது சார், நான் இங்கயே நிக்கிறேன்" என்றாள். அதற்குமேல் என்ன சொல்ல? குழிக்கே திரும்பினாள். பிளஸ் டூ முடிக்கும்போது 5.05. கல்லூரியில் மூன்றாம் வருஷம், கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் 5.24, இரண்டாமிடம். அங்கே வேலை பார்க்கிற என் மாணவன் போன் பண்ணிச் சொன்னான். நான் நோட்டை எடுத்து 5.31க்குக் கீழே எழுதினேன். இன்னும் ஏழு சென்டிமீட்டர் என்று மனசு கணக்குப் போட்டது. பழக்கதோஷம்.

2023இல் பி.பி.எட். முடித்த கையோடு இனிப்புப் பெட்டி எடுத்துக்கொண்டு கல்லலுக்கு வீட்டுக்கு வந்தாள். பேச்சுவாக்கில் அந்த நோட்டை எடுத்து நீட்டினேன். எட்டாம் வகுப்பில் நீ தாண்டிய 5.31ஐ இன்னும் நீயே தாண்டவில்லை பார், என்று சிரித்துக்கொண்டே. அவள் நோட்டைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"சார், அன்னைக்குப் பத்தைக் கழிக்கல."

எனக்கு முதலில் புரியவில்லை. வாசித்த பையன் மறுநாளே அவளிடம் சொல்லியிருக்கிறான், கத்துகிற அவசரத்தில் கழிக்க மறந்துவிட்டேன் என்று. நான் அடிப்பேனோ என்று பயந்து, என்னிடம் சொல்லாதே என்று கெஞ்சியிருக்கிறான். அதற்குள் நான் டீக்கடைவரை சொல்லியாகிவிட்டது. செங்கல்லும் புதைத்தாகிவிட்டது. "நீங்க அவ்வளவு சந்தோசமா இருந்தீங்க சார். எப்படிச் சொல்றது? சீக்கிரமா நிசமாவே தாண்டிட்டா சரியாப்போயிரும்னு நெனச்சேன்."

5.21. அதுதான் உண்மை. அப்படியென்றால் சிவகங்கையில் தாண்டிய 5.18 மூன்றே சென்டிமீட்டர் குறைவு. கல்லூரியில் தாண்டிய 5.24 அவள் வாழ்நாளிலேயே அதிகம். அன்றைக்கு நான் அவளுக்குப் போன்கூடப் பண்ணவில்லை.

நோட்டில் அடித்துத் திருத்தப் பேனாவை எடுத்தேன். "வேணாம் சார், இருக்கட்டும்" என்றாள். ஏன் என்று கேட்கவில்லை. திருத்தவுமில்லை.

இப்போது காரைக்குடியில் ஒரு மைதானத்தில் காலையும் மாலையும் பெண் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறாள். பாதிப்பேர் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்குத் தயாராகிறவர்கள். அந்தத் தேர்விலும் நீளம் தாண்டுதல் உண்டு. மீதிப்பேர் பள்ளிப் பிள்ளைகள். போன மாசம் சும்மா போய் ஓரமாக நின்றேன். பத்தாம் வகுப்பு இருக்கும், ஒரு பிள்ளை வரிசையாக ஃபவுல் போட்டுவிட்டுப் பலகையருகே குந்தி அழுதுகொண்டிருந்தது. கூட வந்த அம்மா, போன வருஷம் நாலு எண்பது தாண்டினவ, இப்ப என்ன கேடு வந்துச்சு என்று கத்திக்கொண்டிருந்தார்.

இவள் அந்த அம்மாவுக்குப் பதில் சொல்லவில்லை. பிள்ளையை எழுப்பிக் காம்பவுண்டுச் சுவரோரம் கூட்டிப்போனாள். செருப்பைக் கழற்றச் சொல்லி நிமிர்ந்து நிற்கவைத்தாள். "கடைசியா எப்ப உசரம் அளந்த?"

பிள்ளை விழித்தது. என்னைக் கூப்பிட்டு டேப்பின் நுனியைக் கையில் கொடுத்தாள், தரையில் வைத்துப் பிடிக்கச் சொல்லி. வயசான முட்டியோடு குனிந்தேன்.

"பத்தைக் கழிக்கணுமா?" என்றேன்.

"இது புது டேப்பு சார்."